சண்டை போடாத வீடு

என்னோடு யாரும் சண்டை போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

நான் சண்டைக்காரி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மிளகுக் கொடிக்கு ஏணியை எந்தப் பக்கம் சாத்துவது என்பதில் தொடங்கி, குழம்புக்கு உப்பு எவ்வளவு என்பதுவரை, எனக்கும் என் வீட்டுக்காரர் தனபாலுக்கும் இருபத்திரண்டு வருஷமாக வாக்குவாதம்தான். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். மலைமேல், குண்டனி நாட்டில் எங்கள் ஊர் நாற்பது வீட்டுச் சிற்றூர். எங்கள் சத்தத்தில்தான் பாதிப் பேருக்குப் பொழுது விடியும். அப்படிப்பட்ட மனுஷன் திடீரென்று, "சரி புள்ள, நீ சொல்றாப்பலயே பண்ணிக்கலாம்" என்கிறார். வேண்டுமென்றே ஒருநாள் குழம்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன். கண்ணில் தண்ணீர் வர முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று கை கழுவப் போனார்.

இடது மார்பில் ஒரு கட்டி. ஐப்பசியில் புளியங்கொட்டை அளவில் கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன். தை மாதம் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்தபோது மகள் தேன்மொழி என்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வாங்க அவரும் மகளும் மட்டும் போனார்கள். திரும்பி வந்து, "சாதா கொழுப்புக் கட்டிதான், தானாக் கரைஞ்சிரும்" என்றார் அவர். தேன்மொழி ராசிபுரத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இங்கிலீஷ் ரிப்போர்ட் வாசிக்கத் தெரிந்தவள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நேராக மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். என் மகள் யாரும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதாகச் சரித்திரமே கிடையாது.

அன்றிலிருந்து நான் கைதி. மிளகு பறிக்கிற நேரம், ஏணியில் ஏறக் கூடாது. மரவள்ளி பிடுங்கக் கூடாது. ஓடைக்குத் துணி எடுத்துப் போனால் பக்கத்து வீட்டுக் கண்ணாயி பின்னாலேயே வந்து துணியைப் பிடுங்கித் துவைக்கிறாள். கட்டிலில் உட்கார வைத்துக் கோழி ரசம் தருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வாசலில் அவரிடம் கிசுகிசு என்று நாற்பது வார்த்தை பேசுகிறார்கள். நான் எழுந்து போனால் பேச்சு மழைக்கு மாறிவிடும். மாசி மாதத்தில் என்ன மழை? என் போனைக்கூட, "இங்க டவரே இல்ல, உனக்கு எதுக்கு" என்று அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது. எல்லாரும் என்னைத் தடவிக் கொடுத்துக்கொண்டே ஏதோ குழிக்குள் இறக்குகிறார்கள் என்று தோன்றியது.

இதற்கு நடுவில் ஊர்த் திருவிழாவான மாசி நோம்பி வந்தது. எங்கள் ஊரில் மாரியாயிக்குக் காப்புக் கட்டிவிட்டால் பதினைந்தாம் நாள் மஞ்சத் தண்ணி வரைக்கும் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அதிலும் கரகம் எடுக்கிறவர் தவறினால் அந்த வருஷம் கரகமே எழும்பாது. இதையெல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என் மச்சாண்டார் சின்னுசாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர்தான் ஊர்க் காரியக்காரர். இந்த வருஷம் கரகம் எடுக்க என் வீட்டுக்காரர் தானே முன்வந்து கையில் காப்புக் கட்டிக்கொண்டார். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

காப்புக் கட்டிய மறுநாள் அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நான் போனை எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கிற ஒரே இடமான பள்ளிக்கூடத்துப் பாறைக்கு ஓடினேன். பதினொரு தடவை யாரோ கூப்பிட்டிருந்தார்கள், எல்லாம் ஒரே நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன்.

"பெருமாயிங்களா? எத்தனை நாளா கூப்பிடறோம்!" என்றாள் ஒரு நர்ஸ். "போன செவ்வாய்க்கிழமை உங்களுக்கு முதல் மருந்து ஏத்தற தேதி. ஏங்க வரல?"

"கொழுப்புக் கட்டிக்கு எதுக்குங்க மருந்து ஏத்தறீங்க?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கொஞ்சம் லைன்லயே இருங்க, டாக்டர்கிட்ட கொடுக்கறேன்" என்றாள்.

வேறொரு குரல் வந்தது. "நான் டாக்டர் பூங்குழலி. இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்க. பாறை மேல ஒத்தையில நிக்கறேன்."

"அப்ப முதல்ல உட்காருங்க."

உட்கார்ந்தேன். "எனக்கு என்னங்க டாக்டரம்மா?" என்றேன்.

"உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாறை மேல ஒத்தையில இருக்கறவங்களுக்கு இதைப் போன்ல சொல்லவும் மாட்டேன். நேர்ல வாங்க. நீங்க என்ன கேட்டாலும் பதில் சொல்றேன். எப்ப வர முடியும்?"

நான் காப்பைப் பற்றிச் சொன்னேன். படித்தவர்கள் இதைக் கேட்டால் ஒரு மாதிரி சிரிப்பார்கள், எனக்கு அது பழக்கம். இவர் சிரிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் எத்தனை மணி, சேலத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கடைசியாக வந்து சேருகிற பஸ் எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்குக் காலையில உங்களைத்தான் முதல்ல பாக்கறேன். ரெண்டு மணிக்குள்ள அனுப்பிடறேன். இன்னொண்ணு, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவர் மேல கோவமா இருப்பீங்க. இருந்தாலும் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து, "நாளைக்குச் சேலம் போறேன். வாரதுன்னா வாங்க" என்றேன். அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சண்டை போட வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, "சரி" என்றார். அந்தச் சரியைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல வந்தது.

பஸ் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும்வரை இருவரும் பேசவில்லை. வளைவுக்கு வளைவு அவர் தோள் என் மேல் சாய்ந்தது, ஒவ்வொரு தடவையும் நான் தள்ளிவிட்டேன்.

டாக்டர் பூங்குழலிக்கு நாற்பது வயது இருக்கும். நரைமுடியை மறைக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் போன் அடித்தது. அதை அணைத்து இழுப்பறையில் வைத்தார்.

"உங்களுக்கு என்னன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க?"

"கொழுப்புக் கட்டின்னாங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

ஐந்து வாரமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "கொழுப்புக் கட்டிக்கு யாரும் ஆரஞ்சுப் பழம் கொண்டாரதில்லீங்க" என்றேன்.

"எல்லாத்தையும் சொல்லட்டுமா? இல்ல, இன்னைக்குக் கொஞ்சம், அப்புறம் கொஞ்சமா?"

"எல்லாத்தையும் சொல்லுங்க."

"இது மார்பகப் புற்றுநோய்" என்றார். கேன்சர் என்றும் சொன்னார், நான் வேறு எதுவென்றும் எடுத்துக்கொள்ள இடம் வைக்காமல். பரவாயில்லை என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் எதையாவது பேசுகிறவரை என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதலில் அழுதது என் வீட்டுக்காரர்தான். துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. "அஞ்சு வாரமா எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ரசம் ஊத்துனீங்களே, உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று அவர் தோளில் ஒரு குத்து விட்டேன். டாக்டர் தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் என் உடம்பை வரைந்தார். அழகான படமில்லை. எங்கள் கோவில் சுவரில் பிள்ளைகள் கரியில் கிறுக்குவது போலத்தான் இருந்தது. மார்பில் ஒரு வட்டம், அக்குளில் இரண்டு புள்ளி. எலும்பு, ஈரல், நுரையீரல் இருக்கிற இடங்களைத் தொட்டுக் காட்டி, "இங்கெல்லாம் போகல. ஸ்கேன்ல தெளிவா இருக்கு" என்றார்.

"பொழைப்பேனுங்களா?"

"உங்களை மாதிரி நிலைமையில வந்து, வைத்தியத்தை முழுசா முடிச்ச பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேர் அஞ்சு வருஷம் கழிச்சும் நல்லா இருக்காங்க. அந்த ஏழெட்டுல நீங்க இருப்பீங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. தள்ளிப் போடப் போட அந்த எண்ணிக்கை குறையும். அதை உறுதியாச் சொல்வேன்."

ஏழெட்டு என்ற சொல்லை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் இருட்டில் எதன் மேல் முட்டிக்கொள்கிறேன் என்று தெரியாமல் தவித்தேன். இப்போது இருட்டு போகவில்லை, சுவர் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, நாங்க சும்மா இருந்துக்கலீங்க. சாமிகிட்டப் பூக் கேட்டோம். வேண்டாம்னு சொல்லிருச்சு."

எனக்கு இது புதுச் செய்தி. பூக் கேட்பது எங்கள் வழக்கம்தான். வெள்ளைப் பூவையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம். கிணறு வெட்ட, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் கேட்போம். என் உடம்புக்காக, என்னை விட்டுவிட்டு, அண்ணனும் தம்பியும் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?" என்றார் டாக்டர், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற அதே குரலில்.

"மாரை அறுக்கலாமா வேண்டாமான்னு கேட்டோமுங்க. மூணு தடவையும் செவப்பே வந்துச்சு."

"இப்ப அறுக்கப் போறதில்லையே. முதல்ல மருந்துதான். இருபத்தோரு நாளைக்கு ஒருக்கா, அஞ்சாறு மாசம். கட்டி சுருங்கின பிறகுதான் ஆபரேஷன். இதை அன்னைக்கே சொன்னேன். நீங்க அழுதுட்டு இருந்தீங்க, காதுல விழலை போல."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "அப்ப சாமி சொன்னதும் நீங்க சொல்றதும் ஒண்ணுதானுங்களே! இப்ப அறுக்க வேண்டாம்னுதான் ரெண்டு பேரும் சொல்றீங்க!"

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆமாம் என்று டாக்டர் தலையாட்டியிருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் தலையாட்டவில்லை. "இல்லீங்க. அப்படிச் சொல்லி உங்களை ஆரம்பிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. அஞ்சாறு மாசம் கழிச்சு நான் ஆபரேஷன் பண்ணத்தான் சொல்வேன். அன்னைக்குச் சிவப்புப் பூ வந்தாலும் பண்ணத்தான் சொல்வேன். அதை இப்பவே தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட நான் ஒரு தப்பை ஒத்துக்கணும். ரிப்போர்ட் வந்த அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டு நானே சொல்லியிருக்கணும். இவர் அழுததைப் பாத்து, வீட்டுல பக்குவமாச் சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன். அதுல உங்களுக்கு அஞ்சு வாரம் போச்சு."

டாக்டர் ஒருவர் என்னிடம் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சம்மதப் பத்திரம் வந்தது. பழக்கத்தில் என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார். டாக்டர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்து, உங்க காப்பு முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம். இல்ல, ரத்தமும் இதயமும் சரியா இருந்தா நாளன்னைக்கே ஆரம்பிக்கலாம். இனியும் தாமதம் வேண்டாங்கறது என் எண்ணம். ஆனா முதல்ல இதைக் கேட்டுக்கங்க. மருந்து ஏத்தின ஏழாம் நாள்ல இருந்து பதினாலாம் நாள் வரைக்கும் உடம்புல எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துல இருக்கும். அப்ப காய்ச்சல் வந்தா சில மணி நேரத்துல ஆளைத் தூக்கிடும்."

என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். ஏழாம் நாளும் காப்புக்குள் வந்தது, பத்தாம் நாளும் வந்தது. "சாயங்காலத்துக்கு மேல வந்துச்சுன்னா?"

"அப்பவே இறங்கணும்."

"காப்பு இருக்குதுங்களே டாக்டரம்மா."

"காப்புக்கு என்னால பதில் சொல்ல முடியாது. காய்ச்சலுக்குத்தான் சொல்ல முடியும்."

நான் நாளன்றைக்கே என்றேன். கையெழுத்துப் போட்டேன். என் பெயரை அத்தனை மெதுவாக நான் எழுதியதில்லை. டாக்டர் இன்னொரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினார். காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே கிளம்ப வேண்டும், மாத்திரை போட்டு அமுக்கக் கூடாது, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ராசிபுரம் ஆஸ்பத்திரியில் காட்டினால் முதல் ஊசியைப் போட்டு அனுப்புவதற்கு ஒரு சீட்டும் தந்தார். "கடைசியா ஒண்ணு. வீட்டுல இனி யாரும் யார்கிட்டயும் மறைக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்களா?"

"நான் எதுக்குங்க மறைக்கப் போறேன்? மறைக்கறவரைக் கேளுங்க" என்றேன். அவர் தலை குனிந்து, "ஒத்துக்கறேனுங்க" என்றார்.

மருந்து ஏற்றிய அன்று பாட்டிலில் தொங்கியது சிவப்பு நிறம். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார். அரளிப் பூ ஞாபகம் வந்திருக்கும். ஒன்றுக்குப் போனால் அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும், அது ரத்தமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். இல்லாவிட்டால் வழியில் பஸ்ஸை நிறுத்தி ஒப்பாரி வைத்திருப்போம். விளக்கு வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

உண்மை தெரிந்துவிட்டது, இனி வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவர் முன்னைவிடப் பதமாக நடந்துகொண்டார். நான் வாந்தி எடுத்தால் வாளியோடு ஓடி வருவார், திட்டினால் தலையாட்டுவார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். எனக்குப் புரிந்தது. மனதுக்குள் அவர் என்னை அடக்கம் செய்துவிட்டார். செத்தவளோடு யார் சண்டை போடுவார்கள்?

ஒன்பதாம் நாள் மத்தியானம் எனக்குக் குளிர் எடுத்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நூற்றொன்று.

மறுநாள்தான் கரகம். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். கோவிலில் மேளம் கேட்டது. அவர் விரதத்தில் பச்சைத் தண்ணீர்கூட யோசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது நான் வாயைத் திறந்தால் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. கரகம் எழும்பாது. நாற்பது வீடும் என்னால்தான் என்று சொல்லும். இப்போதே மருந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தானே? நாளைக்கு ஒருநாள், மறுநாள் மஞ்சத் தண்ணி. இரண்டே நாள். இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு மலை இறங்கினால் நான் திரும்பி ஏற மாட்டேன் என்று நினைத்தேன். சாவதானால் என் வீட்டில் சாகலாம் என்று நினைத்தேன்.

டாக்டர் எழுதிய தாள் எதிர்ச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பாவிலிருந்து காய்ச்சல் மாத்திரை இரண்டை எடுத்து விழுங்கினேன். தேன்மொழி வந்து கேட்டதற்கு, "தொண்ணூத்தெட்டு கண்ணு" என்றேன். அத்தனை சுலபமாக வந்தது பொய். ஐந்து வாரம் அவர் எப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாத்திரையில் வியர்த்தது, காய்ச்சல் இறங்கியது போல இருந்தது. வெயில் சாய்ந்ததும் மறுபடி ஏறியது. பல் கிட்டித்தது. கட்டிலிலிருந்து இறங்கித் தண்ணீர் மொள்ளப் போனவள் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கோவிலிலிருந்து குளித்த ஈரத்தோடு வந்தார். என்னைத் தொட்டார். தெர்மாமீட்டரை வைத்தார். நூற்றுமூன்று. அப்புறம் கண்ணை ஓட்டி, கட்டிலுக்குக் கீழே கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார், இரண்டு குழி காலி.

"எப்பப் போட்ட?"

"மத்தியானமுங்க."

"அப்ப மத்தியானமே காய்ச்சல் இருந்துச்சா? புள்ளைகிட்டத் தொண்ணூத்தெட்டுன்னு சொன்னியா?"

"இன்னும் ரெண்டு நாள்தானுங்களே. உங்க கரகம் முடிஞ்சிரட்டும்னு..."

அவ்வளவுதான். கூரை அதிர்ந்தது.

"கரகமாடி இப்ப உனக்குப் பெருசு? அந்த டாக்டரம்மா முன்னால என்ன சொல்லிப்போட்டு வந்த? நான் எதுக்குங்க மறைக்கப் போறேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னியே! நான் மறைச்சதுக்கு ஆஸ்பத்திரில வெச்சு எனக்குக் குத்து விட்ட! இப்ப உன்னைய எவன் குத்தறது? அறிவு இருக்குதா உனக்கு? யாருக்காக நான் கரகம் எடுக்கறேன்? நீ செத்துப் போனா அதைத் தூக்கி நான் எங்கடி வெக்கறது?"

"கத்தாதீங்க, ஊரே கேக்குது."

"கேக்கட்டும்! இருபத்திரண்டு வருஷமாக் கேக்கறாங்க, இன்னைக்கு என்ன புதுசா? நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடறது?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டர் அறையில் வராதது, சிவப்பு மருந்து ஏறும்போது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அந்த மனுஷன் ஒத்துக்கொண்டுவிட்டார்.

தேன்மொழி பாறைக்கு ஓடிப்போய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். மேலே வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். டாக்டருக்கும் போட்டாள். காத்திருக்க வேண்டாம், கிடைத்த வண்டியில் கிளம்புங்கள், ராசிபுரத்துக்கு நானே பேசி வைக்கிறேன் என்றாராம். மச்சாண்டார் வீட்டு வாசலில் மரவள்ளி ஏற்றுகிற பிக்கப் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. என் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டார்.

எல்லையில் ரோட்டின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்குக் கீழே விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் என் மச்சாண்டார். வண்டியையும் உள்ளே இருந்த எங்களையும் பார்த்து நடு ரோட்டில் நின்றார். இவர் இறங்கி, கையில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். "அண்ணா, இந்த வருஷம் கரகம் இல்லீங்க. நீங்க கேட்ட பூவுல எனக்கு அஞ்சு வாரம் வீணாப் போயிருச்சு. இன்னும் ரெண்டு நாளையும் குடுக்க மாட்டேன்" என்று கயிற்றை அவர் கையில் வைத்தார்.

மச்சாண்டார் கயிற்றைப் பார்த்தபடியே நின்றார். பிறகு ஒரு கோலை எடுத்து வந்து, வண்டியின் கம்பியில் மாட்டாதபடி தோரணத்தைத் தூக்கிப் பிடித்தார். நாங்கள் அதன் கீழே போனோம். அந்த வருஷம் எங்கள் ஊரில் கரகம் எழும்பவில்லை. இன்றைக்கும் சிலர் அதை என் காதுபடச் சொல்வார்கள், நானும் அவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறேன்.

எல்லையைத் தாண்டியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கீழே முள்ளுக்குறிச்சி விளக்குகள் தெரிந்தன. மூச்சு வாங்கியது. கண்ணாடியை இறக்கினேன்.

"குளிர்காத்து அடிக்குது, ஏத்து" என்றார்.

"எனக்குக் காத்து வேணும்."

"காய்ச்சல்ல சாகப் போறவ மாதிரி கெடந்துட்டு இப்பக் காத்து கேக்குதா? ஏத்துடி!"

"வளைவு வருது, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. மாடு ஓட்டறாப்பல ஓட்டிக்கிட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு."

"அப்ப நீ ஓட்டு, வா!"

நடுவில் உட்கார்ந்திருந்த தேன்மொழி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கடைசி வளைவுவரை நாங்கள் நிறுத்தவில்லை, கண்ணாடியையும் நான் ஏற்றவில்லை.